மூன்றாவது டொக்

ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக மிதித்தான் நெவில். எஞ்சின் அலறியது. வண்டியோ, அந்த அலறலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் வேகம் குறைந்துகொண்டே வந்து, டான் ஆற்றுப் பாலத்தின் நட்ட நடுவில் நின்றது.

காலை ஏழே கால். பின்னால் மாம்பழப் பெட்டிகளை ஏற்றி வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. நெவில் கியர் குச்சியை இரண்டாவதுக்கு இழுத்தான். ஊஹூம். முதலுக்கு இழுத்தான். ஊஹூம். பதற்றத்தில் ரிவர்ஸிலும் போட்டுவிட்டான். பின்னால் லாரி நிற்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, அதிலும் ஒன்றும் நடக்கவில்லை.

காலடியில் மட்டும், அம்மியில் ஆணியை வைத்து அரைப்பதுபோல் ஒரு சத்தம்.

"நாளைக்குக் காலையில..." என்று முனகினான் நெவில். வாக்கியத்தை முடிக்கத் தைரியம் வரவில்லை.

நாளைக் காலை பத்தரைக்கு டவுன்ஸ்வில் விமான நிலையத்தில் அவன் மகள் கிர்ரிலி வந்து இறங்குகிறாள். ஆறு வருஷம் கழித்து. புருஷனோடும், தாத்தா இதுவரை போட்டோவில் மட்டுமே பார்த்திருக்கும் கைக்குழந்தையோடும். "உன்னோட பச்சை வேகனிலேயே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் போனதே இந்த வண்டியால்தான். ஒரு வேலை நேர்காணலுக்குக் கிளம்பிய மகளுக்கு ஆசையாக எஞ்சின் ஆயில் மாற்றிக் கொடுத்தான் நெவில். அடியில் உள்ள போல்ட்டை இறுக்க மட்டும் மறந்துவிட்டான். ஹோம் ஹில் ஊரைத் தாண்டுவதற்குள் ஆயில் முழுக்க ரோட்டில். எஞ்சின் கட்டியாக இறுகிப்போனது. நேர்காணல் போயிற்று, வேலை போயிற்று.

அதைக்கூட கிர்ரிலி மன்னித்திருப்பாள். "ரோடு குண்டும் குழியுமா இருந்தா போல்ட் கழலத்தான் செய்யும்" என்று நெவில் சொன்னான் பாருங்கள், அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. "நான்தான் தப்பு பண்ணிட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுப்பா" என்றாள். நெவில் ரோட்டுத் துறையைத் திட்டிக்கொண்டே இருந்தான். அவள் நாட்டின் மறுகோடியில் இருக்கும் பெர்த்துக்கு விமானம் ஏறிவிட்டாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

லாரிக்காரனாக இருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். வந்தது அதைவிட மோசம். லாரிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த வெள்ளை யூட் பிக்கப் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள் கிளெனிஸ். கிர்ரிலியின் அம்மா. நெவிலின் முன்னாள் மனைவி. இந்த வட்டாரத்திலேயே ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸைப் பிரித்து மேய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"யோவ், எஞ்சினை நிறுத்து முதல்ல! என்ன, அதோட உயிரையும் சேர்த்து வாங்கப் போறியா?"

நிறுத்தினான்.

கிளெனிஸ் குனிந்து பார்த்தாள். தார் ரோட்டில் சிவப்பாக ஒரு குட்டை. ஒரு விரலை அதில் தொட்டு, கட்டை விரலோடு தேய்த்து, வெயிலில் காட்டினாள்.

"பார்த்தியா மினுமினுப்பை? கல்யாணப் பொண்ணு கணக்கா ஜிகினா போட்டுட்டு நிக்குது உன் கியர் பாக்ஸ். உள்ளே ஏதோ இரும்பு அரைஞ்சு போச்சு. யாரு கழட்டினது இதை?"

"ஒரு ஆளு."

"ஆளுக்குப் பேரு?"

"தெரிஞ்ச ஆளுதான்."

"வழுக்கையா?"

நெவில் தொப்பியைக் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சரி, நியூட்ரல்ல போடு. கயிறு கட்டி இழுத்துட்டுப் போறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னாடியே கழட்டிவிட்ட சுமை. விதியைப் பாரேன், திரும்பவும் நானே இழுக்கணும்னு இருக்கு."

*

நெவிலின் தகரக் கொட்டகை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. வாசலில் பறித்துப் போட்ட மாம்பழம் இரண்டு வாளி. மூலையில் கிரிக்கெட் வர்ணனை பாடிக்கொண்டிருக்கும் ரேடியோ. இந்தக் கொட்டகையில்தான் ஆறு வருஷமாக அந்த வேகனுக்கு வேறொரு எஞ்சினைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்தி வந்தான். போன வாரம் எஞ்சினின் பின்பக்க சீலில் சின்னதாக ஒரு கசிவு. அதை மாற்ற வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். ஊரிலேயே சிறந்த கியர் பாக்ஸ் ஆள் மூன்று தெரு தள்ளி இருந்தாள். ஆனால் அவளிடம் போய் நிற்பதைவிட, அதைத் தானே இறக்கி ஏற்றுவது மேல் என்று நெவிலுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை இறக்கி ஏற்றியும்விட்டான்.

கிளெனிஸ் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கியர் பாக்ஸின் பக்கவாட்டில் அழுத்தமானியைத் திருகினாள்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணு. மூணே செகண்ட். அதுக்கு மேல ஓட்டின, அப்புறம் உன்னை ஓட்டிடுவேன்."

எஞ்சின் உறுமியது. அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் படுத்தது படுத்தபடி கிடந்தது.

"போதும், நிறுத்து. உன்னை மாதிரியே இருக்கு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சோபால கிடப்பியே, அதே மாதிரி. எழுந்துக்கிற உத்தேசமே இல்ல." துணியில் கை துடைத்தாள். "ஆயிலை அழுத்தித் தள்ளுற பம்ப் போச்சு. அழுத்தம் இல்லேன்னா எந்தக் கியரும் பிடிக்காது. இது தானா வர்ற வியாதி இல்ல நெவ், மாட்டும்போதே வந்த வியாதி. கன்வெர்ட்டர் முழுசா உள்ளே போய் உக்காந்துச்சா?"

கன்வெர்ட்டர் என்பது எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பூசணிக்காய் அளவு உருண்டை. அதைக் கியர் பாக்ஸின் தண்டில் செருகி, திருகித் திருகித் தள்ள வேண்டும். ஒவ்வொரு படியாக உள்ளே இறங்கும். படிக்கு ஒரு டொக். மூன்றாவது டொக்கில் பம்ப்பின் பற்களோடு போய்ப் பொருந்தும். பிறகுதான் கியர் பாக்ஸை எஞ்சினோடு சேர்க்கலாம்.

"மூணு டொக் கேட்டேன்" என்றான் நெவில்.

"ரெண்டு கேட்டிருப்ப."

"மூணு. சத்தியமா மூணு. எண்ணினேன்."

"நீ எண்ணினது எனக்குத் தெரியாதா? ராத்திரி வீட்டுக்கு வந்து 'மூணே மூணு பீர்தான் க்ளென்'னு நிப்ப. பொழுது விடிஞ்சா வாசல்ல ஒன்பது காலி பாட்டில். நீ கூட்டிச் சொன்னாலும் சரியா வராது, குறைச்சுச் சொன்னாலும் சரியா வராது."

"அது பீரு. இது வேலை. வேலையில நான் பொய் சொல்ல மாட்டேன்."

கிளெனிஸ் அவனைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "சரி. மூணாவது டொக்கைக் கை சொல்லுச்சா, காது சொல்லுச்சா?"

"காதுதான். ஏன்?"

"ஒண்ணுமில்ல. அப்புறம் கியர் பாக்ஸை எஞ்சினோட சேர்த்தப்போ லட்டு மாதிரி ஒட்டிக்கிச்சா?"

நெவில் ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கப் போனான். அது ஏற்கெனவே குறைவாகத்தான் இருந்தது.

"நெவில்!"

"ஒரு... அரை விரல் இடைவெளி இருந்துச்சு."

"அதை?"

"போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்கினேன். மெதுவா வந்து ஒட்டிக்கிச்சு."

கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். "கதவு சாத்த மாட்டேங்குதேன்னு, இடுக்குல யாரோட விரல் இருக்குன்னு பார்க்காம, எட்டி உதைச்சுச் சாத்தியிருக்க. அந்த விரல்தான்யா பம்ப்பு."

"அஞ்சு நாள் ஓடிச்சே?"

"ஓடிச்சா, நொண்டிச்சா?"

நெவில் யோசித்தான். திங்கட்கிழமையிலிருந்தே கொசு காதில் பாடுவதுபோல் ஒரு ரீங்காரம் இருந்தது உண்மை. ஜன்னலை ஏற்றிவிட்டு ஓட்டியிருந்தான்.

*

ஒன்பதரைக்குள் கியர் பாக்ஸ் தரைக்கு வந்துவிட்டது. கன்வெர்ட்டரை உருவி, முன்பக்கப் பம்ப்பைப் பிரித்தாள் கிளெனிஸ். உள்ளே பல்சக்கரத்தில் காதுபோல் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு துண்டுகளும் முறிந்து, ஒன்று எங்கோ போய் அரைபட்டுத் தூளாகியிருந்தது. மீதி ஒன்றை எடுத்து நெவிலின் உள்ளங்கையில் வைத்தாள். பால் பல் அளவு.

"வெச்சுக்கோ. பேரப் பிள்ளைக்குப் பல் முளைச்சா ஜோடி சேர்க்கலாம்."

நெவிலுக்குச் சிரிப்பு வரவில்லை. "க்ளென், அவ வந்து இறங்குறப்போ இந்த வண்டி அங்கே நிக்கலேன்னா... ரெண்டாவது தடவையும் அவ வண்டியைக் கெடுத்தவன்னு ஆயிடும். அப்படியே திரும்பிப் போனாலும் போயிடுவா."

கிளெனிஸ் வாளியிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து, கத்தியால் கன்னத்தைச் சீவி, பாதியை அவனிடம் நீட்டினாள். ஸ்மோக்கோ நேரம். இந்த ஊரில் உலகமே இடிந்து விழுந்தாலும் பத்து மணித் தேநீருக்கு அப்புறம்தான் அள்ளுவார்கள்.

"என் ஷெட்டுல இதே மாடல் பாக்ஸ் ஒண்ணு கிடக்கு" என்றாள் தேநீரை ஊதிக்கொண்டே. "உள்ளே தட்டெல்லாம் கருகிப் போச்சு, ஆனா பம்ப் போன வருஷம் நானே போட்டது. கழட்டி இதுல மாட்டலாம். கன்வெர்ட்டரும் அலமாரியில ஒண்ணு இருக்கு. இதோட வயிறு முழுக்க இரும்புத் தூள், வேண்டாம். ஆயிலைக் குளிர வைக்கிற குழாயையும் கழுவி ஊத்தணும், இல்லேன்னா அந்தத் தூள் ஒரே வாரத்துல புதுப் பம்ப்பையும் தின்னுடும். சாயங்காலத்துக்குள்ள முடிக்கலாம்."

"நீ தெய்வம் க்ளென். எவ்வளவு ஆகும்?"

"காசு வேண்டாம்."

நெவிலுக்குப் பயம் வந்தது. கிளெனிஸ் காசு வேண்டாம் என்றால் கிட்னியைக் கேட்கப் போகிறாள் என்று அர்த்தம்.

"ஒரே ஒரு வாக்கியம். 'நான்தான் தப்பு பண்ணிட்டேன்.' அவ்வளவுதான் கூலி. அதையும் எங்கிட்ட இல்ல, நாளைக்கு ஏர்போர்ட்டுல அவகிட்ட சொல்லணும்."

"ஒரு பெட்டி பீர் வாங்கித் தரேனே?"

"வேண்டாம்."

"ரெண்டு பெட்டி. கூடவே உன் வீட்டுக் கூரைத் தண்ணிக் குழாயெல்லாம் சுத்தம் பண்ணித் தரேன்."

"முதல்ல உன் கூரையைப் பாரு, அதுவே மரம் முளைச்சுக் கிடக்கு. வாக்கியம் வேணும் நெவ். 'ஆனா'ன்னு ஒரு வால் அதுல ஒட்டியிருந்தாக்கூட பம்ப்பைத் திரும்பக் கழட்டிட்டுப் போயிடுவேன்."

"ஆனா க்ளென், நான் நெசமாவே மூணு..."

அவள் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள்.

"சரி, சரி! சொல்றேன்!"

*

மதியம் இரண்டு மணிக்கு, சீல் எல்லாம் புதிதாகப் போட்டு, பம்ப்பை இறுக்கி முடித்தாள் கிளெனிஸ். "இனி கன்வெர்ட்டர். நீ பக்கத்துல நின்னு எண்ண வேண்டாம். போய் ஆயில் வாங்கிட்டு வா. சிவப்பு. பத்து லிட்டர். பத்தையாவது ஒழுங்கா எண்ணு."

அவளுடைய யூட்டை எடுத்துக்கொண்டு நெவில் போய் வருவதற்கு இருபது நிமிஷம் ஆனது. போகும்போதும் வரும்போதும் அவன் மண்டைக்குள் ஞாயிற்றுக்கிழமைதான் ஓடியது. கன்வெர்ட்டரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகியது. டொக். மறுபடி திருகியது. டொக். பிறகு ரேடியோவில் யாரோ அவுட் ஆனது, தலையைத் திருப்பியது, திருகிக்கொண்டே இருந்தபோது... டொக். கேட்டதுதானே? கேட்காமலா மூணு என்று சொன்னேன்? ஒருவேளை கிளெனிஸ் சொல்வது சரியோ? ஒன்பது பீரை மூன்று என்றவன், இரண்டு டொக்கை மூன்று என்றிருக்க மாட்டானா? ஒருவேளை ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஆயில் போல்ட்டையும்...

அந்த இடத்தில் யூட்டின் வேகம் தானாகக் குறைந்தது. போல்ட்டை இறுக்கியதாக அவனுக்கு ஞாபகமே இல்லை. இறுக்கினேன் என்று ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லியே அது ஞாபகம் மாதிரி ஆகிவிட்டிருந்தது.

கொட்டகைக்குள் நுழைந்தபோது, கிளெனிஸ் கியர் பாக்ஸ் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. ஒரு பழைய ஜோக்கு ஞாபகம் வந்துச்சு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உக்காந்துடுச்சு. மூணு. வா, கண்ணால பாரு."

கியர் பாக்ஸின் அகன்ற வாயின் குறுக்கே இரும்பு ஸ்கேலை வைத்தாள். கன்வெர்ட்டர் அதற்கு ஒரு விரல் ஆழம் உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தது. "காதை நம்பாத, ஸ்கேலை நம்பு. ஸ்கேலுக்கு ரேடியோ கேக்காது."

அடுத்து இருவருமாகக் கியர் பாக்ஸை ஜாக்கியில் ஏற்றி எஞ்சினோடு சேர்த்தார்கள். ஒரு போல்ட்டைக்கூட முறுக்கும் முன்பே, கையால் தள்ளியதும் விளிம்போடு விளிம்பு ஒட்டிக்கொண்டது. கன்வெர்ட்டரைக் கை விட்டுச் சுற்றிக் காட்டினாள். தடையில்லாமல் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை அது சுற்றவே இல்லை என்பது இப்போதுதான் நெவிலுக்கு ஞாபகம் வந்தது.

ஐந்து மணிக்கு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தார்கள். அழுத்தமானியின் முள் துள்ளி எழுந்து நின்றது. ரிவர்ஸ் பிடித்தது. டிரைவ் பிடித்தது. படகுத்துறை வரை ஒரு நடை போய் வந்தார்கள். கொசு பாடவில்லை.

"க்ளென்" என்றான் நெவில், வண்டியை நிறுத்திவிட்டு. "ரெண்டுதான் இருக்கும். நான்தான் தப்பா எண்ணியிருக்கேன்."

கிளெனிஸ் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நினைத்தான் நெவில். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

*

விமானம் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது. நெவில் கிளெனிஸையும் கூட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்திருந்தான்.

கிர்ரிலி வெளியே வந்தாள். பச்சை வேகனைப் பார்த்தாள். ஆறு வருஷம் பூட்டி வைத்ததெல்லாம் ஒரு நொடி அவள் முகத்தில் வந்து போனது.

"ஓடுதாப்பா?"

"ஓடுது. உங்கம்மாதான் ஓட வெச்சா." பின்னால் கிளெனிஸ் தொண்டையைக் கனைத்தாள். "கிர்ரி, நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

அவள் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "எதைச் சொல்றே?"

"கியர் பாக்ஸை. போன ஞாயித்துக்கிழமை சரியா எண்ணாம மாட்டிட்டேன்." கூலி அத்தோடு தீர்ந்தது. ஆனாலும் நெவில் நிறுத்தவில்லை. "அந்த ஆயில் போல்ட்டையும். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் இறுக்கல."

கிர்ரிலி புருஷன் பக்கம் திரும்பினாள். "டேய், மணி என்ன? எழுதி வெச்சுக்கோ. நாளைக்கு யாரும் நம்ப மாட்டாங்க." சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கி அப்பாவின் கையில் வைத்தாள். குழந்தை அவன் தொப்பியைப் பிடுங்கி வழுக்கையைத் தட்டிப் பார்த்தது.

*

பிற்பகலில் கொட்டகையின் நிழலில் எல்லோரும் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். கிர்ரிலி அந்த உடைந்த இரும்புக் காதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எப்படிப்பா தப்பா எண்ணினே? மூணே மூணுதானே?"

"வயசாச்சும்மா" என்றான் நெவில் அடக்கத்தோடு. ஒருமுறை ஒத்துக்கொண்ட பிறகு அது பழகிவிட்டது. கொஞ்சம் பிடித்தும்போனது. "திருகினேன், டொக். திருகினேன், டொக். அப்புறம்..."

டொக்.

தலைக்கு மேலே, தகரக் கூரையில்.

எதுவோ உருண்டு வந்து, தண்ணீர்க் குழாயில் மோதி, வாளிக்குப் பக்கத்தில் தொப்பென்று விழுந்தது. நன்றாகப் பழுத்த மாம்பழம். நவம்பர் மாதம் முழுக்க, பின்னால் நின்ற மரத்திலிருந்து அந்தக் கூரைமேல் மணிக்கு நாலு விழும். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, இந்த ஊர்க்காரன் எவன் காதிலும் ஏறாத சத்தம் அது.

நெவில் பழத்தைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு, தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த கிளெனிஸைப் பார்த்தான்.

"மூணு" என்றான் நெவில் மெதுவாக. "நான் மூணுதான் கேட்டேன்."

"மூணுதான்" என்றாள் கிளெனிஸ். "நேத்து நீ ஆயில் வாங்கப் போயிருந்தப்போ, நானும் அதையே மூணுன்னு எண்ணிட்டேன். கைதான் இல்லேன்னு சொல்லுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல? அநியாயமா என்னை ஒத்துக்க வெச்சுட்டியே!"

"மாம்பழம் உன் காதை ஏமாத்துச்சு, சரி. அரை விரல் இடைவெளியோட போல்ட்டை முறுக்குன்னு, அதையும் மாம்பழமா சொல்லுச்சு?" கிளெனிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுவும் போகட்டும். நேத்தே சொல்லியிருந்தா, இன்னிக்கு ஏர்போர்ட்டுல அந்த மாமரத்தைத்தானே திட்டிக்கிட்டு இருந்திருப்ப?"